பீட்சாவுக்கு எந்த மாவு, பாஸ்தாவுக்கு எந்த மாவு?

கேள்வி: தருமபுரியில் இருக்கிறோம். மளிகைக் கடை மைதாவில் பீட்சா சுட்டால் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி ஆகிறது. அதே மைதாவைப் பிசைந்து பாஸ்தா வெட்டினால் கொதிநீரில் போட்டதும் கொழகொழத்துவிடுகிறது. இத்தாலிய 00 மாவு வாங்கினால் இரண்டும் சரியாகுமா? வீட்டில் ராகி மாவு எப்போதும் இருக்கிறது, அதைச் சேர்க்கலாமா?

பதில்: 00 மாவு வாங்கினாலும் உங்கள் பீட்சா பிஸ்கட்டாகத்தான் வரும். ஒருவேளை இன்னும் கொஞ்சம் கெட்டியாகவே வரும். காசைச் செலவழிப்பதற்கு முன் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

இத்தாலியில் மாவை 00, 0, 1, 2 என்று பிரிப்பது எவ்வளவு தவிடு நீக்கியிருக்கிறார்கள் என்பதை வைத்து. 100 கிராம் உலர்ந்த மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.55 கிராமுக்குள் இருந்தால் அது 00. அதற்கு மேல் 0.65 வரை 0. அவ்வளவுதான். கேக்குக்கான 9 சதவீதப் புரத மாவும் 00 ஆக இருக்கலாம், பீட்சாவுக்கான 12, 13 சதவீதப் புரத மாவும் 00 ஆக இருக்கலாம். ஆகவே 00 என்று பார்த்து வாங்குவது, வெள்ளையாக இருக்கிறது என்று பார்த்து வாங்குவதற்குச் சமம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நேப்பிள்ஸ் பீட்சா மாவு 400 டிகிரியைத் தாண்டிய விறகடுப்பில் 60 முதல் 90 நொடியில் வேகவேண்டும் என்ற கணக்கில் தயாரிக்கப்படுவது. அந்தச் சூட்டில் சீக்கிரம் கருகிவிடக் கூடாது என்பதால் அது மெதுவாக நிறம் மாறும் வகையில் இருக்கும். வீட்டு ஓடிஜி (சின்ன மின்சார அவன்) 250 டிகிரிக்கு மேல் போவதில்லை. அங்கே அது வெளிறியே கிடக்கும். சிவக்கட்டும், சிவக்கட்டும் என்று பதினைந்து நிமிடம் விட்டால் உள்ளே இருந்த ஈரமெல்லாம் போய்விடும். பிஸ்கட் பிறப்பது அப்படித்தான். நம் ஊர் மைதாவிலும் இதே குறைதான்: நிறம் கொடுக்க மால்ட் (முளைகட்டிய தானிய மாவு) எதுவும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

பீட்சாவுக்கு உண்மையில் வேண்டியது இழுவை. கோதுமையில் கிளையாடின், குளூட்டனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இவை இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற ஜவ்வாகின்றன. முன்னது மாவை நீள விடுகிறது, பின்னது திரும்ப இழுக்கிறது. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பது இந்த ஜவ்வுதான். பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று இருக்கும். சாதாரண மைதா பெரும்பாலும் 9 முதல் 11. பீட்சாவுக்கு 11-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 12 இருந்தால் கவலையே வேண்டாம். ஆனால் சில்லறையாக எடை போட்டுக் கொடுக்கும் மைதாவில் அட்டவணை ஏது? அட்டவணை இருந்தாலும் புரதத்தின் அளவைச் சொல்லுமே தவிர அதன் தரத்தைச் சொல்லாது. அதற்குக் கையால் கழுவிப் பார்ப்பதுதான் வழி.

50 கிராம் மாவை 30 கிராம் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். உருண்டையாக்கி அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்தே மெதுவாகக் கசக்குங்கள். பால் போல மாவுச்சத்து கரைந்து வரும். தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றி, கலங்காத தண்ணீர் வரும்வரை கழுவினால் கையில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு ஜவ்வு உருண்டை மிஞ்சும். ஈரத்தைப் பிழிந்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். 15 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் வலுவான மாவு. 13, 14 என்றால் வீட்டுப் பீட்சாவுக்குப் போதும். 12-க்குக் கீழே என்றால் அந்த மாவு போண்டாவுக்கும் பிஸ்கட்டுக்கும்தான். எடையோடு குணத்தையும் பாருங்கள். இழுத்தால் விரல் நீளத்துக்கு நீண்டு, விட்டால் பாதியாவது சுருங்க வேண்டும். இழுத்த உடனே பொலபொலவென்று அறுந்தால் எடை நன்றாக இருந்தாலும் பயனில்லை. கழுவும்போதே உருண்டை கரைந்து கிண்ணத்தில் போய்விடுகிறது என்றால், ஒன்று சரியாகப் பிசையவில்லை, அல்லது மைதாவில் வேறு மாவு கலந்திருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் பரோட்டாக் கடைக்கு மூட்டையாக மைதா போடும் மொத்தக் கடைகள் இருக்கும். அங்கே "கேக்குக்கு இல்லை, பன்னும் பரோட்டாவும் போடுகிற மைதா" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். பரோட்டா மாஸ்டர் வீசி வீசிக் கண்ணாடியாக்குகிற மாவில் நீளும் குணம் ஏராளம். பீட்சாவுக்கு அதே மாவு நன்றாகவே ஒத்துழைக்கும். ஒரு கிலோ வாங்கிக் கழுவிப் பார்த்துவிட்டுப் பிறகு ஐந்து கிலோ வாங்குங்கள். ஒரே மில்லின் மைதாகூடக் கோதுமை வரத்தைப் பொறுத்து மாறும்.

கிடைத்ததெல்லாம் வலுவில்லாத மைதா என்றால் கோதுமை குளூட்டன் பொடி சேர்க்கலாம். பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அதில் புரதம் சுமார் 75 சதவீதம். 10 சதவீத மைதாவை 12 ஆக்க, 500 கிராமில் 15 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 15 கிராம் பொடியைப் போட்டால் போதும். உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து சலித்துவிட வேண்டும். தண்ணீர் பட்ட பிறகு சேர்த்தால் கட்டி கட்டியாக ரப்பர் தட்டுப்படும். தண்ணீரையும் 15 கிராம் கூட்டுங்கள். அதற்கு மேல் போட்டால் பீட்சாவைக் கடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

இனி அளவு. மைதா 500 கிராம், தண்ணீர் 300, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம் (டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு), சர்க்கரை 5, எண்ணெய் 10. பத்து அங்குலத்தில் மூன்று பீட்சா வரும். சர்க்கரை இனிப்புக்காக இல்லை, 250 டிகிரியில் நிறம் பிடிப்பதற்காக. எண்ணெய் உள்ளே மென்மையைக் காப்பாற்றுகிறது. இந்த இரண்டையும் நேப்பிள்ஸ்காரர் சேர்க்க மாட்டார். அவருக்கு அந்த அடுப்பு இருக்கிறது, நமக்கு இல்லை.

சர்க்கரைக்குப் பதிலாக நம் பக்கத்துக்கே உரிய பொருள் ஒன்று உண்டு: முளைகட்டிய ராகி மாவு. முளைவிட்ட ராகியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி நிறைய இருக்கிறது. நிழலில் உலர்த்தி, வறுக்காமல் அரைத்ததாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வறுத்து அரைத்த மாவில் நொதி செத்திருக்கும். 500 கிராம் மைதாவுக்கு 4 அல்லது 5 கிராம் போதும். ஓரம் நன்றாகச் சிவக்கும், வாசனையும் கூடும். 15, 20 கிராம் என்று தாராளம் காட்டினால் மாவு பிசுபிசுத்து, சுட்ட பிறகும் உள்ளே பசையாகவே இருக்கும்.

தண்ணீரைக் கவனியுங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் போர்த் தண்ணீர் கடினமானது. கடின நீரில் ஜவ்வு இறுகும், ஈஸ்ட் மந்தமாகும். குடிக்க வரும் ஒகேனக்கல் தண்ணீரிலேயே பிசையுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் மாவு கொஞ்சம் தளர்ந்து ஒட்டும், 10 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. சித்திரை, வைகாசியில் தருமபுரி அடுப்படி 34, 35 டிகிரியில் இருக்கும். பிசைந்து முடித்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும். மாவும் அறையும் 33, 34 என்றால் தண்ணீர் 8, 9 டிகிரியில் இருந்தால்தான் கணக்கு சரியாகும், அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து நேராக. ஓசூரில் மார்கழி ராத்திரியில் இதெல்லாம் தேவையில்லை. அங்கே சாதாரணத் தண்ணீரே போதும், ஈஸ்ட்டை ஒன்றரைக் கிராமாக்கலாம். கலந்ததும் 20 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால் பாதி வேலையை மாவே செய்துகொள்ளும். எட்டு நிமிடம் பிசைந்து, ஒரு மணி நேரம் வெளியே, பிறகு ஃப்ரிட்ஜில் 18 முதல் 24 மணி நேரம். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்து உருண்டை பிடியுங்கள். சாதாரண மைதாவை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். புளிக்கப் புளிக்க நொதிகள் ஜவ்வை அறுத்துவிடும், விரிக்கும்போது ஓட்டை விழும். 72 மணி நேரம் புளிக்க வைப்பதெல்லாம் வலுவான மாவுக்குத்தான்.

தட்டும்போது மாவு பின்னுக்குச் சுருங்குகிறது என்றால் அது மாவின் தவறில்லை, ஓய்வு போதவில்லை. மூடி வைத்துக் கால் மணி நேரம் கழித்துத் தொடுங்கள். பரோட்டா உருண்டைகளை எண்ணெயில் ஊற வைப்பதும் இதற்காகத்தான். சப்பாத்திக் கட்டையைத் தொடாதீர்கள். ஈஸ்ட் சேர்த்து வைத்த காற்றை அது ஒரே தள்ளில் வெளியேற்றிவிடும், பிஸ்கட்டுக்கு அதுவும் ஒரு காரணம். விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை அமுக்காமல் விடுங்கள்.

சுடுவதற்குக் கனமான இரும்புத் தோசைக்கல் போதும். அடுப்பில் நன்றாகக் காயவிட்டு, விரித்த மாவைப் போட்டு, மேலே சாஸும் சீஸும் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அடியைச் சிவக்க விடுங்கள். பிறகு அப்படியே 250 டிகிரியில் மேல் கம்பி மட்டும் எரியும் ஓடிஜிக்குள் தள்ளி நான்கைந்து நிமிடம். மொத்தம் எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மரக் கைப்பிடி உள்ள கல் உள்ளே போகாது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோதுமை மாவுக்கு வருகிறேன். ஆட்டாவில் புரதம் 11, 12 என்று போட்டிருக்கும், அதை நம்பி ஏமாற வேண்டாம். தவிட்டின் கூர்மையான துணுக்குகள் ஜவ்வை இடையிடையே அறுக்கின்றன. சக்கியில் அரைபடும்போது மாவுச்சத்தும் உடைவதால் தண்ணீர் அதிகம் குடிக்கும். பாதி மைதா, பாதி ஆட்டா, மொத்த மாவின் எடையில் 68 சதவீதம் தண்ணீர், கலந்து 40 நிமிடம் ஊறல் என்று செய்தால் மரியாதையான பீட்சா வரும். ரேஷன் கோதுமையை மில்லில் அரைப்பவர்கள், தங்களுக்கு முன் அந்தக் கல்லில் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். ராகியோ அரிசியோ அரைத்த கையோடு அரைத்தால் முதல் இரண்டு கிலோவில் அது கலந்திருக்கும். அந்த இரண்டு கிலோவைச் சப்பாத்திக்கு வையுங்கள். மீதியை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டை எடுத்தால் போதும்.

ராகியைச் சேர்க்கலாம், ஆனால் அதில் குளூட்டன் கிடையாது என்பதை மறக்காமல். 15 சதவீதம் வரை சுகமாகப் போகும், 20-ஐத் தாண்டினால் ஓரம் எழாது. மாவாகவே கலந்தால் மணல் போல நெருநெருக்கும். அதற்கு நம் களிப் பக்குவம் கைகொடுக்கும். 75 கிராம் ராகி மாவில் 150 கிராம் கொதிநீரை ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, மூடி, முழுக்க ஆறவிடுங்கள். இதை 425 கிராம் மைதா, 170 கிராம் குளிர்ந்த தண்ணீர், மேலே சொன்ன உப்பு ஈஸ்ட் வகையறாவோடு சேர்த்துப் பிசையுங்கள். வெந்த ராகி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மறுநாள்கூடப் பீட்சா காயாது. சூடாக இருக்கும்போதே மைதாவில் கொட்டினால் ஈஸ்ட் செத்துவிடும். சாமைக்கும் தினைக்கும் இதே வழிதான். முழுக்க ராகியில் பீட்சா என்று எங்காவது பார்த்தால் அது அடையின் மேல் சீஸ். தின்ன நன்றாகத்தான் இருக்கும்.

பாஸ்தாவில் கணக்கே வேறு. இங்கே எழும்ப வேண்டியதில்லை, கொதிநீரில் கரையாமல் நிற்க வேண்டும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இலேயே சட்டம் போட்டார்கள். டியூரம் கெட்டியான, மஞ்சள் பாரித்த கோதுமை. அதன் புரதம் மாவுச்சத்தைச் சுற்றி இறுக்கமான வலையாகப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் கலங்குவதில்லை. மைதாவையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்தால் அந்த வலை தளர்வு, மாவுச்சத்து வெளியே கசிந்து கொழகொழக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

டியூரத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். கர்நாடகப் பக்கத்தில் உப்புமாவுக்கு வாங்கும் பன்சி ரவை டியூரத்தில் உடைத்தது. ஓசூர், கிருஷ்ணகிரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நிறம் இளமஞ்சளாக, குருணை கண்ணாடி போலக் கெட்டியாக இருக்கும். நம் வெள்ளை ரவை பெரும்பாலும் சாதாரணக் கோதுமையில் உடைத்தது, அதனால் இதற்கு உதவாது. ஒப்பிட்டுக்கும் பூரிக்கும் வாங்கும் சிரோட்டி ரவை நைஸாக இருப்பதைப் பார்த்து டியூரம் என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அதுவும் சாதாரணக் கோதுமைதான். சம்பா கோதுமை டைகாக்கம் என்ற பழைய இனம். சுவை அருமை, வெந்த பிறகு கொழகொழக்காது, ஆனால் மெல்லியதாகத் தேய்த்தால் கிழியும். கையால் கிள்ளிச் செய்யும் தடித்த வடிவங்களுக்கு அதன் நைஸ் மாவைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம்.

பன்சி ரவை அப்படியே பிசைந்தால் குருணையாகவே நிற்கும். மிக்சியில் பத்து நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மாவின் குணம் கெடும். மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கப்பியை உப்புமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நைஸ் மாவு 200 கிராமுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் 95 முதல் 100 கிராம். முதலில் உதிரியாகத்தான் இருக்கும், பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். திரட்டி மூடி 20 நிமிடம் வைத்தால் ஈரம் உள்ளே இறங்கும். அதன்பின் பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து, இன்னொரு அரை மணி நேரம் ஓய்வு. இது கையால் செய்யும் வடிவங்களுக்கான மாவு. சுண்டு விரல் கனத்தில் உருட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, கட்டை விரலால் அமுக்கி இழுத்தால் சோழி போலச் சுருளும். முறுக்கு அச்சில் போட நினைத்தால், திருகு வைத்த பித்தளை அச்சில் முயலலாம். அமுக்கும் மர அச்சு இந்தக் கெட்டிக்குத் தாங்காது.

தேய்த்து ரிப்பனாக வெட்டும் பாஸ்தாவுக்கு மைதாவும் முட்டையும் நன்றாக ஒத்துப்போகும். முட்டைப் புரதம் கொதிநீரில் உறைந்து, மைதாவுக்கு இல்லாத வலையை அது போட்டுவிடும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற இத்தாலியக் கணக்கு அவர்கள் ஊர்ப் பெரிய முட்டைக்கு. நம் கடை முட்டை ஓட்டோடு 50, 55 கிராம், ஓடு போனால் 45 சொச்சம்தான். அதனால் மாவு வறண்டு வெடிக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தராசில் கிண்ணத்தை வைத்து உடைத்து ஊற்றுங்கள். 300 கிராம் மாவுக்கு 165 முதல் 170 கிராம் முட்டை. குறைந்தால் ஒரு மஞ்சள் கருவோ ஒரு ஸ்பூன் தண்ணீரோ சேர்க்கலாம். நாட்டுக்கோழி முட்டை அளவில் சின்னது, ஆனால் மஞ்சள் கருவின் பங்கு கூடுதல் என்பதால் நிறமும் ருசியும் தூக்கலாக இருக்கும். மைதா 200, அரைத்த பன்சி ரவை 100 என்று கலந்தால் கடிக்க இன்னும் நன்றாக இருக்கும். உப்பு மாவில் வேண்டாம், கொதிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் போடுங்கள்.

வெட்டிய பாஸ்தா ஒட்டாமல் இருக்க மைதாவைத் தூவுவது பெரிய தவறு. அந்த மைதாதான் தண்ணீரில் கரைந்து பசையாகிறது. ரவையைத் தூவுங்கள், அது உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் போய்விடும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் பச்சைப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். ரவையில் செய்த தடித்தது ஐந்தாறு நிமிடம் எடுக்கும்.

மறுநாளுக்கு வைப்பதானால், பங்குனிக்குப் பிந்தைய வறண்ட காற்றில் ஃபேனுக்கு அடியில் பரப்பாதீர்கள். வெளிப்பக்கம் மட்டும் சட்டென்று உலர்ந்து மயிரிழை வெடிப்பு விடும், வேகவைக்கும்போது அந்த இடத்தில் உடையும். மெல்லிய வேட்டித் துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் மெதுவாக உலர விடுங்கள். முட்டை சேர்த்ததை வெளியில் உலர்த்தவே வேண்டாம். ரவை தூவி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே வேகவைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்து, உறைந்தபடியே கொதிநீரில் போடுங்கள்.